எங்கள் சண்டையைத் தவிர எல்லாச் சண்டையும்

புல்மோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்களை ஏற்றிப் போகிற வானில் கடைசி இருக்கை எங்கள் இருவருக்கும் உரியது. கணித டீச்சர் யன்னலோரம், சரித்திரம் படிப்பிக்கிற நான் பக்கத்தில். காலையில் திருகோணமலையில் வான் வெளிக்கிட்டு நிலாவெளியைத் தாண்டுவதற்குள், உலகத்தில் எங்காவது நடக்கிற ஒரு யுத்தத்தைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மோதத் தொடங்கிவிடுவோம். உக்ரைன், ஈரான், செங்கடல், காஸா. எங்கள் துறைமுகத்துக்குள் ஒரு சாம்பல் நிறக் கப்பல் வந்து நின்றாலும் போதும். அது யாருடையது, என்னத்துக்கு வந்தது என்று குச்சவெளி வரைக்கும் இழுபடும். முன்னால் இருக்கிற டீச்சர்மார் நித்திரை கொள்வார்கள். டிரைவர் சிங்களவர், தமிழ் நன்றாக விளங்கும். எங்கள் சத்தம் கூடினால் அவர் ஹிந்திப் பாட்டின் சத்தத்தைக் கூட்டுவார். நாங்கள் அதற்கும் மேலால் கத்துவோம்.

கணித டீச்சர் முஸ்லிம். மூதூரில் பிறந்தவர், இப்போது எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். அடி வாங்குகிறவன் பக்கம்தான் அவர் எப்போதும். நிலத்தைப் பறிகொடுத்தவன் துவக்கைத் தூக்கினால், அவனைப் பயங்கரவாதி என்று சொல்லப் பறித்தவனுக்கு வாய் இருக்கக்கூடாது என்பார்.

"பேர் வைக்கிறது ஆரு டீச்சர்? பிளேன் வச்சிருக்கிறவன்தானே பேரும் வைக்கிறான்!"

நான் விடுகிற ஆளா? சனத்துக்குள் நின்று சுடுகிறவன், திரும்பி வருகிற ஷெல்லை அந்தச் சனத்தின் தலையில்தானே இறக்குகிறான்? பஸ்ஸில் போகிற பிள்ளைக்குக் குண்டு வைக்கிறவனுக்கு ஆயிரம் நியாயம் இருந்தாலும் எனக்கென்ன?

"அப்ப அவன் என்னதான் செய்யிறது? மனு எழுதுறதோ?" என்பார் அவர்.

"எழுதட்டுமே! எழுதினால் கை தேஞ்சுபோகுமோ?" என்பேன் நான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்கும் ஒன்றும் குறைவில்லை. பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருக்கும். பிறகு இடைவேளையில் அவர் கொண்டுவந்த இடியப்பத்தை என் சொதியில் தோய்த்து இரண்டு பேரும் சாப்பிடுவோம்.

ஒரேயொரு சண்டையை மட்டும் நாங்கள் தொடமாட்டோம். எங்கள் சண்டையை. பேசிவைத்துக்கொண்ட ஒழுங்கில்லை அது. இந்தப் பக்கத்தில் தமிழரும் முஸ்லிமும் சேர்ந்திருந்து தேத்தண்ணி குடிக்கிற இடமெல்லாம் அது தானாகவே இருக்கும். என் அண்ணனை ஒரு சுற்றிவளைப்பில் சீருடைக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் வரவேயில்லை. டீச்சருடைய தம்பி மூதூரில் சைக்கிளுக்கு டயர் வாங்கப் போன இடத்தில், துவக்கோடு வந்த எங்கள் தமிழ் இயக்கப் பொடியன்கள் சுட்டுச் செத்தவர். இரண்டு கதையும் இரண்டு பேருக்கும் தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கதைத்ததில்லை. யோசித்துப் பார்த்தால் விசர்த்தனமாகக்கூட இருக்கிறது. துவக்குத் தூக்கினவனிடம் தம்பியைப் பறிகொடுத்தவர், உலகமெல்லாம் துவக்குத் தூக்கினவனுக்காக வாதாடினார். அரசாங்கத்திடம் அண்ணனைப் பறிகொடுத்த நான் அரசாங்கங்களுக்காகக் கத்தினேன்.

இப்படி இருக்கிறபோதுதான் என் மகனுக்கு இஸ்ரேலில் வேலை சரிவந்தது. எழும்பி நடக்க ஏலாத வயதானவர்களை வீட்டோடு இருந்து பார்க்கிற வேலை. நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் நின்றவன், சீசன் முடிந்தால் வீட்டில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். இதற்காக அந்த நாட்டுப் பாஷை படித்து, சோதனையும் பாஸ் பண்ணியிருந்தான். அவன் வாயில் மழலை மாறாத காலத்தில் இருந்தே டீச்சர் வீட்டிலும் ஒரு வாய் சாப்பிட்டு வளர்ந்தவன். அவரை 'டீச்சர் மாமி' என்றுதான் கூப்பிடுவான். காஸாப் பிள்ளைகளின் படத்தைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருக்கிற மனுஷி அவர். அவரிடம் இதை எப்படிச் சொல்லுவேன்? மறைக்கவும் மனம் வரவில்லை. மறுநாள் காலையில் வானில் ஏறியதும் சொல்லிவிட்டேன்.

"அனுப்பாதீங்க," என்றார்.

அடுத்த நாளும் அதுதான். அதற்கடுத்த நாளும் அதுதான். உக்ரைனும் இல்லை, செங்கடலும் இல்லை. "அனுப்பாதீங்க டீச்சர், அனுப்பாதீங்க." ஒரு காலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நாட்டுக்கோ எங்கட புள்ளயக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு அந்த நாட்டோட கோவம். அதுக்கு என்ர பிள்ளையின்ர வாழ்க்கையோ? துவக்குத் தூக்கினவன் எல்லாரும் உங்களுக்கு நியாயவான். அப்ப உங்கட தம்பியைச் சுட்டவங்களும் நியாயவான்களோ?"

ஐயோ, என் வாயை எங்கே கொண்டுபோய் வைக்க! டிரைவர் பாட்டை நிற்பாட்டினார். டீச்சர் கையை எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார். புல்மோட்டை வரைக்கும் திரும்பவேயில்லை.

மறுநாள் அவர் முன் இருக்கையில் போய் இருந்தார். பின்னால் நான் தனியே. மன்னிப்புக் கேட்பதென்றால் மற்ற டீச்சர்மார் எல்லாருடைய தலைக்கும் மேலால் கேட்கவேண்டும். இடைவேளையிலும் அவர் என் கண்ணில் படவில்லை. சில நாள் பார்த்துவிட்டு டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "டீச்சர், சண்டை புடிங்க. ரோட்டு நேரா கிடக்கு. எனக்கு நித்திரை வருது." ஒருவரும் சிரிக்கவில்லை.

மகன் பயணம் போக முதல் நாள் பின்னேரம், கதவைத் தட்டாமல் டீச்சர் நேரே குசினிக்குள் வந்தார். கையில் அவனுக்கு ஒரு போத்தல் நெய். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் அந்த நாட்டோட கோவத்தில சொல்லல்ல. எண்ட தம்பி ஒருத்தரோடயும் சண்டைக்குப் போகல்ல டீச்சர். டயர் வாங்கத்தான் போனான். ஆரோ ரெண்டு பேர் அடிபடுற ஊருக்குள்ள வேலைக்குப் போறவனுக்கும் அதுதான் நடக்கும். அதாலதான் வேணாம் எண்டன்."

நான் அழுதேன். அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது, அவர்தான் இறக்கி வைத்தார். பிறகு மெதுவாக, "உங்கட அண்ணன் எப்படி இருப்பார்?" என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. உயரம், விசில் அடிப்பான், கணக்கு மட்டும் மண்டையில் ஏறாது என்றேன். "எண்ட கையில கிடைச்சிருந்தா ஏத்தியிருப்பன்," என்றார். அழுத முகத்தோடு இரண்டு பேரும் சிரித்தோம். மகன் எட்டிப் பார்த்து, "என்னம்மா நடக்குது இங்க?" என்றான். அவன் போவதை அதற்குமேல் அவர் தடுக்கவில்லை.

அவன் போய்விட்டான். டீச்சர் பழைய இடத்துக்கு வந்துவிட்டார், சண்டையும் வந்துவிட்டது. ஆனால் வானில் ஏறியதும் முதல் கேள்வி, "புள்ள போன் கோல் எடுத்தானோ?" என்பதுதான். அதற்குப் பிறகுதான் உலகம்.

போன வாரம், அவன் இருக்கிற பக்கத்துக்கு ரொக்கெட் அடிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. நிலவறைக்குள் இருந்து ஒரு வரி அனுப்பியிருந்தான், பிறகு சத்தமில்லை. காலையில் டீச்சர் கண் வீங்கி வந்து பக்கத்தில் இருந்தார். வான் நிலாவெளியைத் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

"இவ்வளவு நாளும் தொழுதிட்டுக் காஸாப் புள்ளைகளுக்குத்தான் துஆ கேட்டனான் டீச்சர். இண்டைக்குக் கையை ஏந்தினா, எங்கட புள்ள இருக்கிற வீட்டில ஒண்டும் விழக்கூடாதெண்டுதான் வருது. மறுகா யோசிச்சன், அந்த வீட்டில அவன் மட்டுமோ? அவன் குளிப்பாட்டுற கிழவியும் கிடக்குதுதானே. பாவம், எழும்பி ஓடவும் ஏலாது. அதுக்கும் சேர்த்துக் கேட்டன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "காஸாவில புள்ளயப் பறிகுடுத்த ஒரு உம்மா இதைக் கேட்டா, என்னைப் பத்தி என்ன நினைப்பா?"

இத்தனை வருடமும் அவருடைய ஒவ்வொரு சொல்லுக்கும் மறுசொல் வைத்திருந்தவள் நான். அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"நீங்கள் எங்கட பிள்ளைக்குக் கேளுங்கோ. அந்த உம்மாவுக்கு நான் கேக்கிறன், கோணேசர் கோயில்ல."

"மறக்காமக் கேளுங்க," என்றார் டீச்சர்.