அலசல் தொட்டி

எங்கள் சந்து முனையில் ஒரு முலாம் பட்டறை இருந்தது. சைக்கிள் ஹேண்டில்பார், தராசுத் தட்டு எல்லாம் நிக்கல் தொட்டியில் முங்கிப் பளபளவென்று வெளியே வரும். அப்பாவுக்கு அங்கே முக்கியெடுக்கும் வேலை. சாமானை அலசிய பச்சைத் தண்ணீர் சாக்கடையில் ஓடி, அதை ஒட்டியிருந்த எங்கள் குடிநீர்க் கிணற்றில் இறங்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிளஸ் டூவில் வேதியியல் படித்தவள். ஆசிரியர் பயிற்சிக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருந்தபோது, முதலாளி பாயிடம் நானே போய்ச் சொன்னேன்: சாமானைத் தொட்டிக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டு, சொட்டி முடித்ததும் தனியாக ஒரு தொட்டியில் அலச வேண்டும். சூட்டில் நிக்கல் தொட்டி வற்ற வற்ற, அந்தத் தண்ணீரையே அதில் ஊற்றலாம்.

“பாப்பா சாமானுக்குக் கொடி கட்டுது, துணி காயப்போட” என்று ஆட்கள் சிரித்தார்கள். பாய் செய்து பார்க்கச் சொன்னார். நிக்கல் உப்புச் செலவு கம்மியானதும் பாய் என்னைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. கிணறு தெளிந்தது. “இனிமே தண்ணிய நான் பாத்துக்கறேன்” என்று பெண்களிடம் சொல்லிவிட்டுத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வேலூருக்கு நேர்காணலுக்குப் போனேன். இடம் கிடைத்தது. பூஜை கழித்து வந்து சேரச் சொன்னார்கள். திரும்பி வந்தால், பட்டறை முழுக்கக் கழுவியிருந்தது. அலசல் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். சேர்த்த தண்ணீர் அத்தனையும் சாக்கடையில்.

“அழுக்குத் தொட்டிக்கா படைப்பாங்க?” என்றார் அப்பா.

மறுநாள் குடங்களில் பச்சை. பெண்கள் பட்டறைக்குப் போகவில்லை. எங்கள் வாசலுக்கு வந்தார்கள். “நான் பாத்துக்கறேன்னு சொன்னது நீதான? எங்க போய்ட்ட?”

பாய் வீட்டுக்கே வந்தார். “நீ இருந்தா கவுத்திருப்பானுங்களா? போகாதம்மா.”

“ஆளுங்களுக்குச் சொல்லிக்குடுத்துட்டுப் போறேங்க.”

“சொல்லித்தான குடுத்த?”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. “பாயே வந்து கேக்கறாரு” என்று மட்டும் சொன்னார். அம்மா புதிதாக இறைத்த குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். தண்ணீர் பச்சையாக இருந்தது.

வேலூரில் சேர வேண்டிய நாளன்று பட்டறையில் எனக்கென்று ஒரு புது நாற்காலி போட்டிருந்தார்கள். பாய் வாங்கியது.

“உக்காருங்க டீச்சர்” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும்கூட.

உட்கார்ந்தேன்.