ஜாபர் அண்ணன் அளவெடுத்த வளையல்

ஐம்பதுகளில் திருவொற்றியூர் ரோடு முழுக்கக் கிறுக்குப் பிடித்து ஆடியது. எங்கே பார்த்தாலும் புதுத் தொழிற்சாலை. லேத்தைத் தொட்டவனையெல்லாம் புதுமாப்பிள்ளை மாதிரி உபசரித்து அழைத்தார்கள். என் அண்ணன் ஜாபர் பகலில் கல்மண்டபம் பட்டறையில் லேத் ஓட்டுவான், சாயங்காலம் வாப்பாவின் வளையல் கடையில் உட்காருவான். கயிற்று வியாபாரி ஹபீபுல்லாவின் மகள் அஜீசா மேல் அவனுக்கு உயிர். அவரோ கறாராகச் சொல்லிவிட்டார்.

"வளைக்காரனுக்குப் பொண்ணு குடுக்கமாட்டேன். கம்பெனி வேலைக்குப் போ, அப்பால பாக்கலாம்."

எண்ணூர் மோட்டார் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். ஃபோர்மேன், துளை சரியா என்று பார்க்கும் கேஜை அண்ணனிடம் நீட்டினார்.

"இதுல ஒரு முனை துளைக்குள்ளே போகணும், மறுமுனை போகக்கூடாது. ஏன்?"

"ரெண்டும் போச்சுன்னா துளை பெருசு சார். எங்க கடையிலே அந்த வளையல் கழண்டு வுழுந்துடும்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அளவு சரிபார்க்கிற டூல் இன்ஸ்பெக்டர் வேலை! அண்ணன், "இன்ஸ்பெக்டராயிட்டேன்" என்று வழிநெடுகப் பாடிக்கொண்டே சைக்கிளில் வந்தான். கேட்கச் சகிக்காத குரல். தெருவில் பாதிப் பேர் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று நினைத்து சலாம் வைத்தார்கள், அவனும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டான்.

கடை வளையல் பெட்டியோடு, தங்கச்சி என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணன் அவர் வீட்டுக்குப் போனான். ஹபீபுல்லா மட்டும் மசியவில்லை. "இன்ஸ்பெக்டர்னா இன்னா வேலை?"

"கண்ணாலயே அளவு சொல்றது, மாமு." பீற்றல்!

"அப்டியா? எம் பொண்ணு கைக்கு ஒரே ஒரு வளையல் எடு. சரியா கீதுன்னா நிக்காஹ். இல்லேன்னா நடையைக் கட்டு."

திரைக்கு வெளியே ஒரு கை வந்து மறைந்தது. அண்ணன் சொக்கிப்போய் நின்றான். கடைசியில் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு வளையலை எடுத்து என்னிடம் தந்தான். உள்ளே கொண்டுபோனேன்.

ஏறவில்லை. ஒரு சைஸ் சின்னது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அஜீசா என் வாயைப் பொத்தினாள். தண்ணீர்த் தொட்டியருகே போய், கையில் சோப்பைக் குழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். தோல் உரிந்தது. ஏறிவிட்டது! கண்ணில் நீரும் முகமெல்லாம் சிரிப்புமாகத் திரைக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள்.

"அளவு கச்சிதம், வாப்பா!"

வெளியே ஹபீபுல்லா, "சரி, நிக்காஹ்தான்" என்றார். அண்ணன் துள்ளிக் குதிக்கிற சத்தம் கேட்டது, மடையன்.

"அய்யோ, இது இனிமே கழலாதே" என்றேன் அவள் காதில்.

"கழட்டறதுக்காடி இம்மாம் பாடுபட்டுப் போட்டேன்?"