என் சிறுநீரகத்துக்கு மொழிபெயர்த்தவர்

தொண்ணூறுகளின் நடுவில் அக்காவின் சிறுநீரகம் எனக்குப் பொருத்தப்பட்டபோது, ஜெர்மனியின் ஹம் நகரத்தில் ஜெர்மன் மொழியைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயரெடுத்த ஒரு அண்ணை இருந்தார். பெயரெடுத்தார், அவ்வளவுதான். நெக்டை கட்டி, வாசனை பூசிக்கொண்டு, ஜெர்மன் தெரியாத எனக்கு மொழிபெயர்க்க ஒவ்வொரு பரிசோதனைக்கும் என்னோடு ரயிலேறுவார். வழியெல்லாம் தற்பெருமை. ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் போல அவர் முன்னே நடக்க, நோயாளியான நான் பின்னால் இழுபட்டுக்கொண்டு போவேன்.

அந்த ஆஸ்பத்திரியில் புதுப்புது வசதிகள் வந்திருந்தன. முன்பெல்லாம் பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு நிராகரித்தால், கால் வீங்கி, சிறுநீர் குறைந்த பிறகுதான் தெரியவருமாம். எனக்கோ நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து இரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று அளந்தார்கள். சிறுநீரகத்துக்குள் இரத்தம் ஓடுவதைத் திரையில் சிவப்பும் நீலமுமாகக் காட்டினார்கள்.

மருந்தை அளக்கும் நாளில், இரத்தம் கொடுத்த பிறகுதான் காலைக் குளிசையைப் போடவேண்டும். தாதி இதைப் பொறுமையாக விளக்கினாராம். அண்ணை எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "குளிசையை நேரந்தவறாமல் போடட்டாம்." போட்டுவிட்டே போய் இரத்தம் கொடுத்தேன். டொக்டர் ஏதோ கேட்டார். அண்ணை என் பக்கம் திரும்பக்கூட இல்லை, தானே பதில் சொன்னார். அப்போதுதான் போட்ட குளிசையால் இரத்தத்தில் மருந்து கூடுதலாகத் தெரிய, அளவைக் குறைத்தார்கள்.

சில கிழமைகளில் இரத்தத்தில் கழிவு ஏறத் தொடங்கியது. ஊசியால் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நிராகரிப்புத்தான். தொழிற்சாலையிலிருந்து வேலை உடுப்போடு அக்கா ஓடிவந்தார். டொக்டர் கட்டிலருகே நின்று ஒரு கேள்வி கேட்டார். அண்ணை உடனே பதில் சொன்னார்.

"அண்ணை, அவர் என்ன கேட்டவர்?" என்றார் அக்கா.

"அண்டைக்கு ரத்தம் எடுக்க முதல் குளிசை போட்டவரோ எண்டு. அப்பவும் இல்லையெண்டுதான் சொன்னனான்."

"நான் போட்டனான்!" என்றேன்.

"போட்டாலும் அப்பிடிச் சொல்லேலுமே? எங்கடை ஆக்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

அந்த மனிதன்மேல் எனக்கு அருவருப்பே வந்தது. அத்தனை கருவிகளையும் அவருடைய வெட்டிக் கௌரவம் முட்டாளாக்கிவிட்டது. பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை.

அக்கா குளிசைப் பெட்டியை எடுத்தார். முதலில் ஒன்றை வாயில் போடுவதுபோலக் காட்டினார். பிறகு தன் கையில் ஊசி குத்துவதுபோலக் காட்டினார். டொக்டருக்கு விளங்கியது. அன்றே மருந்தைக் கூட்டி, நிராகரிப்பை அடக்கும் மருந்தைச் சேலைனோடு ஏற்றினார்கள். சிறுநீரகம் தப்பியது, ஆனால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அண்ணைக்கு வெட்கமென்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. தான் போய்க் கதைத்திராவிட்டால் என் கதை முடிந்திருக்கும் என்று கோயிலில் சொல்லித் திரிந்தார். டொக்டரைப் பார்க்கும் அடுத்த தவணைக்கும், அவர் பாஷையில் தெர்மினுக்கும், நெக்டையோடு ஸ்டேஷனில் வந்து நின்றார்.

"நீங்கள் வரவேண்டாம் அண்ணை," என்றார் அக்கா. "இதுவும் பழுதாப்போனால், தம்பிக்குக் குடுக்க என்னட்டை வேறை இல்லை."