ஞாயிற்றுக்கிழமை ரன்னிங்

“மேடம், ரன்னிங் எஷ்டு?”

அந்தக் கோடையில் மூன்று ஷோரூம்களில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்பதைத்தான் மைசூரில் இப்படிக் கேட்பார்கள். என் பழைய டீசல் கார் பதின்மூன்று வருடம் உழைத்துவிட்டுப் புகை கக்க ஆரம்பித்திருந்தது. இதற்கு மேல் இதில் பணம் போடாதீர்கள் என்று மெக்கானிக்கே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது புது கார் வாங்குவதில் எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. முழங்கால் வலி, அலுவலகத்தில் ஆடிட், நடுவில் இது வேறு.

என் ரன்னிங்கும் ஒரு கணக்கில் அடங்குவதாக இல்லை. வாரம் முழுக்க விஜயநகர் வீட்டிலிருந்து அலுவலகம், திரும்பும்போது தேவராஜ மொஹல்லாவில் காய்கறி, அவ்வளவுதான். பாதி நேரம் சிக்னலில் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொள்ளேகால் போய் வருவேன். அங்கே என் அண்ணன் இருக்கிறார்.

“சிட்டி ஜாஸ்தின்னா ஹைப்ரிட்தான் மேடம்,” என்றார் மூன்றாவது ஷோரூம்காரர், நான் தமிழ் என்று தெரிந்ததும் பாதிக் கன்னடத்தைக் கழற்றி வைத்துவிட்டு. “மெல்லப் போறப்ப பேட்டரியிலயே ஓடும். டீசல்ல குட்டி குட்டி ஓட்டம் ஓட்டினா புகை ஃபில்டர்ல கரி அடைச்சுக்கும். வாரத்துக்கு ஒரு தடவை ஹைவேக்குப் போனா சரியாயிடும். ஆனா அந்த ஒரு நாளுக்காக டீசல் எதுக்கு, சொல்லுங்க?”

எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. அண்ணனுக்குத்தான் தெரிந்திருந்தது.

அண்ணன் முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மைசூருக்கு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன், மிரட்டினேன், கேட்கவில்லை. ஆனால் தேறிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஞாயிறும் நான் போய் இறங்கும்போது முன்னறையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தேய்த்த சட்டை, மடியில் பேப்பர். “வா அம்மிணி. இப்பத்தான் தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வந்து உக்காந்தேன்,” என்பார். நாக்கு மட்டும் கொஞ்சம் குழறும். சட்டையின் இடது தோள் எப்போதும் சுருண்டு ஏறியிருக்கும். அண்ணி இதைக்கூடச் சரியாக இழுத்துவிடுவதில்லையே என்று மனதுக்குள் சலித்துக்கொள்வேன். மற்றபடி அந்த வருடத்தில் உருப்படியாக நடந்தது அவர் தேறியது ஒன்றுதான் என்று நிம்மதியாகத் திரும்புவேன்.

கார் வாங்கப்போகிறேன் என்றதிலிருந்து அவர் போனை விடவில்லை. “டீசலே எடு அம்மிணி. இழுவை வேணுமில்ல? பேட்டரி வண்டியெல்லாம் வேண்டாம்.” மலையேறவா போகிறேன், எதற்கு இழுவை என்று கேட்டால், “நாஞ் சொன்னாக் கேளு” என்பார். ஓட்டுகிறவள் நான், பிடிவாதம் பிடிக்கிறவர் அவர். எனக்கு எரிச்சலாக வந்தது.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் என் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டயர்டு தம்பதி, ஹைப்ரிட் வைத்திருக்கிறார்கள். “இதை எடுத்துட்டுப் போய்த்தான் பாருங்களேன்,” என்று சாவியைக் கொடுத்தார்கள். வெயிலுக்கு முன் போய்விடலாம் என்று வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினேன். உண்மையைச் சொல்ல வேண்டும், வண்டி வெண்ணெய். கொள்ளேகால் ஊருக்குள் நுழைந்ததும் பேட்டரிக்கு மாறிக்கொண்டது. அண்ணன் தெருவில் அது போனது எனக்கே கேட்கவில்லை. முடிவு செய்துவிட்டேன், இதுதான்.

வாசல் கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றும்போதே தெரிந்தது. அண்ணன் கட்டிலில் கிடந்தார், மேலே சட்டை இல்லாமல், முகம் சுவர்ப் பக்கமாக. இடது கை யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி அருகில் கிடந்தது. அண்ணி அவர் மேலாக எட்டிக் குனிந்து கஞ்சியை ஸ்பூனில் புகட்டிக்கொண்டிருந்தார். பாதி வழிந்தது, துண்டால் துடைத்தார். நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் தேய்த்த சட்டை, மேலே மடித்த பேப்பர்.

“வண்டிச் சத்தம் கேக்குதா பாரு,” என்றார் அண்ணன் சுவரைப் பார்த்தபடி.

அண்ணி தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். ஸ்பூன் அந்தரத்தில் நின்றது.

“இன்னும் காணமுங்க,” என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்புறமாகவே நடந்தேன். வந்தது போலவே சத்தமில்லாமல் அந்தக் கார் என்னைத் தெருவுக்கு வெளியே கொண்டு போனது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிறுத்தி அழுதேன். அவருக்காகவா, ஒரு வருடமாக ஏமாந்த எனக்காகவா என்று தெரியவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அண்ணிக்குப் போன் செய்து, “பக்கத்து வீட்டுக் கார்ல வர்றேன், கால் மணி நேரமாகும்,” என்று அவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

கால் மணி கழித்துப் போனபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை, பேப்பர், எல்லாம். இடது தோள் சுருண்டிருந்தது.

“என்ன வண்டி அம்மிணி இது, வர்றதே தெரியலை. திருட்டுப் பூனையாட்டம்.”

“நல்லா இல்லைங்கண்ணா,” என்றேன்.

கிளம்பும்போது அண்ணி கார் வரைக்கும் வந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. “சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு,” என்றார் தாழ்ந்த குரலில். “நீங்க வர்ற அன்னைக்கு மட்டுந்தான் எந்திரிச்சு உக்கார்றாரு. மத்த நாள் டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டாரு. தெருமுனையில உங்க வண்டி கடகடன்னதும், தூக்கி விடுன்னு அவரே கையை நீட்டுவாரு.”

ஹைப்ரிட்டையே வாங்கிக்கொண்டு, வாராவாரம் போவதற்கு முன் போன் செய்தால் போதாதா என்று மைசூர் வரும்வரை யோசித்தேன். போதாது. இத்தனை நாளும் செய்யாதவள் இனிமேல் செய்தால் அவருக்குப் புரிந்துவிடும். புரிந்துவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் எழுந்திருக்க மாட்டார்.

மறுவாரம் ஷோரூமில் டீசல் என்றேன். ஷோரூம்காரர் மறுபடியும் என் ரன்னிங்கைக் கணக்குப் போட்டுக் காட்டி, “லாஸ் மேடம்,” என்றார். தெரியும் என்றேன்.

புது டீசல் பழையது அளவுக்குச் சத்தம் போடுவதில்லை. அதனால் கொள்ளேகால் தெருமுனையில் நியூட்ரலில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை இரண்டு தடவை அழுத்துகிறேன். அங்கே டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் வண்டி ஓட்டத் தெரியாதவள் என்று பார்க்கிறார்கள். பிறகு பக்கத்துக் கடையில் வாழைப்பழம் வாங்குகிறேன். அவசரமில்லாமல் வாங்குகிறேன், ஒவ்வொரு சீப்பாகத் திருப்பிப் பார்த்து. இடது கையைச் சட்டைக்குள் நுழைக்கத்தான் நேரமாகும்.