என் வாய்க்குள் இருந்தவள்

கல்யாணமாகிப் போன புதிதில் என் மாமியார் எனக்குக் கிராம்பு கொடுத்துக்கொண்டே இருந்தார். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தால் ஒரு கிராம்பு, சோறு தின்றதும் ஒரு கிராம்பு, விருந்தாளி யாராவது வாசலில் தெரிந்தால் ஓடி வந்து ஒரு கிராம்பு. ஒரு வார்த்தை பேசாமல் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டுப் போய்விடுவார். யுத்த காலம். கிராம்பு என்ன கடலைக்காயா, நம் காட்டில் விளைய? அப்படிப்பட்ட சாமானை எனக்கென்று முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாந்தாரமாகப் போகிறாளே, என்ன பாடு படப்போகிறாளோ என்று நாமக்கல் பக்கத்து என் சொந்தக்காரர்கள் அழுத அழுகைக்கு இதுதான் பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்தபோது இந்தப் பெருமையை எல்லாரிடமும் அளந்தேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். தங்கைதான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"அக்கா, உனக்கு நெசமாலுமே தெரியாதா? உன்ற வாய் நாறுதுக்கா."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அத்தனை மாதமும் நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசியதைக் கூச்சம் என்று நினைத்திருந்தேன். கிணற்றடியில் பெண்கள் விலகி இடம் விட்டதை மரியாதை என்று நினைத்திருந்தேன். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. கையைக் குவித்து ஊதி ஊதி மோந்து பார்த்தேன். என் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை.

புகுந்த வீட்டில் என்னிடம் முகம் திருப்பாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மூத்தவளின் குழந்தை. என் வீட்டுக்காரரின் முதல் மனைவியை நான் பார்த்ததில்லை. விஷக்காய்ச்சலில் கிடந்து, பெண் குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் போய்விட்டாள். நான் வெண்ணந்தூருக்கு வந்தபோது குழந்தை தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தது. வந்த அன்றே என் இடுப்பில் ஏறியது, அப்புறம் இறங்கவே இல்லை. என் வாய்க்குள் விரலை விட்டுப் பல்லை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். மூக்கோடு மூக்கை வைத்துத் தேய்க்கும். எனக்குப் பிறக்காத பிள்ளை என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. அதை விட்டுவிட்டு ஒரு வேளை சோறு எனக்கு இறங்காது.

ஆடி முடிந்து நான் திரும்பியதும் அது வாசலுக்கு ஓடிவந்து தாவியது. தூக்கினேன். தூக்கிய கையோடு முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டேன். குழந்தை என் தாடையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் திருப்பப் பார்த்தது. நான் பிடிவாதமாக அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் என் வாய் பட்ட பாடு கொஞ்சமில்லை. வேப்பங்குச்சி, ஆலங்குச்சி, உமிக்கரி, உப்பு, கொய்யா இலை, ஓமம். ஈறு வெந்து போகிற அளவுக்குத் தேய்த்தேன். ராசிபுரத்து வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்து, வயிற்றுச் சூடு என்று பேதிக்குக் கொடுத்தார். வயிறு காலியானது, வாய் அப்படியே இருந்தது. யாரிடம் பேசினாலும் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொள்ளப் பழகினேன். அதற்கு ஊரில் எனக்கு நல்ல பெயர் வேறு கிடைத்தது. என்ன அடக்கம், என்ன மரியாதை, பெண் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று வயசானவர்கள் தங்கள் மருமகள்களைத் திட்டுவதற்கு என்னைக் காட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரும். சிரிக்கத்தான் முடியாது.

ஆவணியில் களை எடுக்க வந்த ஒருத்திதான் அந்தப் பேச்சை ஆரம்பித்தாள். மூத்தவள் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் அவள். என் பக்கத்தில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது: கடைசி நாளில் மூத்தவள் வாயில் அடித்த அதே வாடை இவள் வாயில் அடிக்கிறது. செத்தவள் பிள்ளையை விட்டுப் போக மனசில்லாமல் இவளுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

கேட்டபோது முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பயம் வந்தது. தாலிக்கு அருகில் மூத்தவள் பேருக்கென்று ஒரு பொட்டைக் கோத்துக் கட்டியிருந்தார்கள், இரண்டாந்தாரம் எல்லாருக்கும் அப்படிக் கட்டுவதுதான். அது மாரில் படும்போதெல்லாம் யாரோ விரலால் தொடுவது போல இருந்தது. மத்தியானம் எல்லாரும் காட்டுக்குப் போனபின் வீட்டில் தனியாக இருக்கும்போது குழந்தையைக் கூப்பிட வாயைத் திறப்பேன். திறந்தால் யார் குரல் வருமோ என்று பயந்து மூடிக்கொள்வேன். குழந்தை ஏன் என்னிடம் மட்டும் அப்படி ஒட்டிக்கொள்கிறது என்று ஊரார் கேட்ட கேள்வியை நானே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னிடம் வந்த ஒரே பிரியமும் என்னுடையது இல்லையோ என்று இருந்தது.

மாமியார் கோயில் பூசாரியிடம் கேட்டு வந்தார். மூத்தவளுக்குக் குறை இருக்கிறது, புரட்டாசி அமாவாசையில் அவளுக்குப் படைக்கவேண்டும், அவளைப் பெற்றவர்களையும் அழைக்கவேண்டும் என்றாராம். இளையவள் முதல்நாள் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருக்கவேண்டும், ஒரு வார்த்தை பேசக்கூடாது, வெற்றிலை கிராம்பு எதுவும் வாயில் போடக்கூடாது.

காய்ந்த வாய் யாருக்கும் நாறும் என்று இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எங்களுக்கு அப்போது தெரியவில்லை. நான் அக்கறையாக விரதம் இருந்தேன். எச்சில் ஊறினால்கூடப் பாவம் என்று நினைத்தேன். அமாவாசை அன்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. புதுச் சேலையும் அவளுக்குப் பிடித்த, வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும் வைத்துப் படைத்தோம். படைத்து முடித்ததும் நான் வாயைத் திறந்து, அக்கா, மனம் குளிர்ந்து போ என்று சொல்லவேண்டும். சொன்னேன். என் எதிரில் மூத்தவளின் தாய் உட்கார்ந்திருந்தார். கறுத்து மெலிந்த அம்மாள். நான் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் பின்வாங்கினார்கள், அவர் முன்னால் வந்தார். முழங்காலில் நகர்ந்து வந்து என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்தார். இரண்டு முறை மூச்சை இழுத்தார்.

"இது எம் புள்ளயோட வாடைங்க," என்றார்.

செத்தவள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள் என்று அவரோடு வந்தவர்கள் சொன்னார்கள். என் மாமியாரே குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சொல்லவேண்டிய அந்த ஒரு வாக்கைத் தவிர மறுநாள் விடியும்வரை மௌனம் என்பதால் நான் அழவும் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், முட்டாள். வண்டி போதமலைப் பக்கம் திரும்பும்வரை குழந்தை கத்திய சத்தம் கேட்டது.

அந்த வீட்டில் பிறகு நான் பேசவே இல்லை. விரதம் எல்லாம் இல்லை, பேச ஆள் இல்லை. மோர் கடைகிற சத்தத்தில்கூடக் குழந்தை கூப்பிடுவது போலக் கேட்கும். ஓடி வந்து பார்ப்பேன். வாசல் வெறிச்சென்று கிடக்கும்.

கார்த்திகையில் என் வீட்டுக்காரர் மண்டியில் கடலைக்காய் போடச் சேலத்துக்குப் போய் வந்தார். வந்தவர், வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மண்டி பாய்கிட்ட சொல்லிப்புட்டேன் புள்ள. அவுங்க அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சாமா. பல்லுதானாமா."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுச் சங்கதியை இப்படிச் சந்தையில் வைத்தாரே என்று. அதே நேரத்தில், இந்த மனுஷர் என்னைப் பற்றி யாரிடமோ கவலைப்பட்டுப் பேசியிருக்கிறாரே என்றும் இருந்தது. அடுத்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ். உள்ளே முழுக்கப் புகை, எல்லார் மேலும் அதே நாற்றம். யாருக்கும் யார் வாடையும் தெரியாது. ராசிபுரத்திலிருந்து சேலம் போகும்வரை முந்தானையை எடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாளிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

சேலம் கடைவீதியில் ஒரு சீனாக்காரர் பல் வைத்தியம் பார்த்தார். வாசல் பலகையில் சிவப்பு ஈறோடு இரண்டு வரிசைப் பல் வரைந்து தொங்கவிட்டிருந்தார். அதைச் சாமி படம் என்று நினைத்து என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடப் போனார். என்னை நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்னார் சீனாக்காரர். திறப்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. சின்னக் கம்பியால் தட்டிப் பார்த்துவிட்டு, மேலே கடைவாய்ப் பல் அழுகிவிட்டது, உள்ளே சீழ் இருக்கிறது என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். சின்ன வயசில் கரும்பு கடித்து உடைந்த பல் அது. வலித்ததே இல்லை, மறந்தே போயிருந்தேன். வேறு ஒன்றும் இல்லையா என்று என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேறு என்ன என்று அவர் திருப்பிக் கேட்டதும் இவர் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கி என் பக்கத்துக் கிண்ணத்தில் போட்டார். அப்போதுதான் என் வாடை என் மூக்குக்கு வந்தது. அட கடவுளே, இதுவா? இதையா இத்தனை நாள் இவர்கள் எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள்? அந்தக் குழந்தை இதிலா மூக்கை வைத்துத் தேய்த்தது? அழுதேன். வலிக்கிறது என்று நினைத்து என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எல்லாரையும்விட மூத்தவளை நினைத்துத்தான் அழுகை வந்தது. பாவம், எங்கோ போய்ச் சேர்ந்தவள் மேல் ஒரு சொத்தைப் பல்லின் பழியைப் போட்டிருந்தோம்.

புண் ஆறியதும் மாமியார் என்னை ஊதச் சொல்லி மோந்து பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த கிராம்பை அவிழ்த்து அஞ்சறைப்பெட்டியில் போட்டார். எல்லாருக்கும் போய்விட்டது. எனக்கு மட்டும் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. கிண்ணத்தில் மோந்த வாடை ஒவ்வொரு மூச்சிலும் வந்தது. இருக்கிறதா, இல்லையா என்று யாரைக் கேட்டாலும் இல்லை என்றார்கள். முன்பு இருந்தபோதும் தங்கையைத் தவிர யாரும் என்னிடம் இருக்கிறது என்று சொல்லவில்லையே.

மார்கழியில் குழந்தையைக் கூட்டிவரப் போனோம். மூத்தவளின் தாய் களத்தில் ராகி காய வைத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் வண்டிப் பக்கமே நின்றுகொண்டார், நான்தான் போய்ச் சொன்னேன். பல்லுதானுங்க, பிடுங்கியாச்சுங்க என்றேன். அவர் எழுந்து வந்து என் முந்தானையை மெல்ல விலக்கினார். வாயைத் திறக்கச் சொன்னார். அமாவாசை அன்று வைத்தது போலவே முகத்துக்கு நேராக முகத்தை வைத்து மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். இன்னும் கிட்ட வந்து ஒருமுறை இழுத்தார்.

"போயிட்டாளா, அம்மிணி?"

அவள் வரவே இல்லையுங்க, அது சொத்தைப் பல் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை. போயிட்டாங்க என்றேன். அவர் அப்படியே ராகியின்மேல் உட்கார்ந்துவிட்டார். சத்தம் இல்லாமல் அழுதார். பயந்துதான் பிள்ளையை எடுத்து வந்தாராம். ஆனால் விடிந்தால் பொழுதானால் ஓடிவந்து என் வாயருகே நிற்கவேண்டும் போலவே இருந்ததாம். பெற்ற மகள் கிட்டத்தில் இருக்கிறாள் என்ற நினைப்பு, அந்த மூன்று மாதம். அவரிடமிருந்து அதை நான் சேலத்துக்குக் கொண்டுபோய்ப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

பிறகு எழுந்து உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தார். என்னைக் கண்டதும் அது இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்தது. நான் சட்டென்று முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"மூஞ்சியத் திருப்பாத சாமி," என்றார் அந்த அம்மாள். "எம் புள்ளயும் கடைசியில அப்படித்தான் திருப்பிக்கிட்டே கெடந்தா. பச்சப்புள்ளைக்கு என்ற வாடை ஆகாதும்மான்னு சொல்லிச் சொல்லி, ஒருக்கா முத்தம் குடுக்காமயே போயிட்டா."

நான் திரும்பினேன். குழந்தையின் கன்னத்தில் முகத்தை வைத்தேன். மூச்சை மட்டும் விடவில்லை.