கெஞ்சாத கடிதம்

புதுக்கடை நீதிமன்றங்களுக்கு எதிரே, ஒரு குடைக்குக் கீழே தட்டச்சுப் பொறியோடு இருபத்தெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர் றோஸி. கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே வருவார். யார் வந்து என்ன முறையிட்டாலும் அவருடைய விரல்கள் முதலில் அடிப்பது ஒன்றைத்தான்: "ஐ பெக் டு ஸ்டேட்." நாய் கடித்தாலும் அதுதான், காணித் தகராறானாலும் அதுதான். வந்தவர் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த வரி தாளில் ஏறியிருக்கும்.

அதற்கு என்ன அர்த்தம் என்று முதன்முதலாகக் கேட்டவர் ஜிந்துப்பிட்டியிலிருந்து வந்த பழனியம்மா. ஒரு துப்புரவுக் கம்பனியில் பதினொரு வருடம் உழைத்து விலகியவர். சேவைச் சான்றிதழ் கேட்டு றோஸி அடித்துக் கொடுத்த மூன்று கடிதங்களுக்கும் பதிலில்லை. திங்கட்கிழமைக்குள் அதைக் காட்டாவிட்டால் ஆஸ்பத்திரியில் கிடைத்த புது வேலை போய்விடும்.

றோஸி விளக்கினார். பெக் என்றால் கெஞ்சுவது. பிரபுக்களுக்கு விண்ணப்பம் எழுதிய காலத்துப் பழக்கம், பிறகு வெறும் மரியாதையாகிவிட்டது. 'ஹவ் டு யு டு'வும் அப்படித்தான். ஒரு காலத்தில் உண்மையாகவே சுகம் விசாரித்த கேள்வி, இப்போது கேட்டவர்கூடப் பதிலுக்கு நிற்பதில்லை.

"அதான் நமக்கும் பதில் வரல்ல," என்றார் பழனியம்மா. "பதினொரு வருஷம் கூட்டித் தொடச்சிருக்கேன் மிஸ். அதுக்கொரு கடுதாசி கேக்க நான் எதுக்குக் கெஞ்சணும்?"

பக்கத்து மேசையில் மடிக்கணினியோடு இருந்த மஜீட் தலையை நீட்டினார். "அந்த 'பெக்' இல்லாட்டி கடிதத்தத் தொறந்தும் பாக்க மாட்டாங்க, றோஸி. ஒரு கோப்பை பிளேன்டி பந்தயம்."

"தொறக்காம எப்பிடித் தெரியும் மஜீட், உள்ளுக்கு அது இல்லையெண்டு?"

சொல்லிவிட்டாரே தவிர, புதுத் தாளில் 'ஐ' வரைக்கும் போன விரல் அப்படியே நின்றது. மெதுவாக அடித்தார்: பதினொரு வருடம் வேலை செய்தேன். சான்றிதழ் தாருங்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாங்க வருகிறேன். மூன்றே வரி. பொட்டில்லாமல் கலியாணத்துக்குப் போகும் பெண்ணைப் போலக் கடிதம் வெறிச்சென்று கிடந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பழனியம்மா சான்றிதழோடு வந்தார். கூடவே கம்பனி கொடுத்த ஒரு கடிதத்தையும் வாசிக்கச் சொல்லி நீட்டினார். முதல் வரியிலேயே றோஸிக்குச் சிரிப்பு முட்டியது: "வீ பெக் டு என்குளோஸ்."

"என்ன மிஸ் போட்டிருக்கு?"

"அவங்க கெஞ்சுறாங்க, பிள்ளை."

பழனியம்மா கடிதத்தைத் திருப்பி வாங்கி, நாலாக மடித்து, சான்றிதழைவிடப் பத்திரமாகப் பையில் வைத்தார். மஜீட் பிளேன்டி வாங்க எழுந்தார்.