ஜீப்பா, மீன் வண்டியா

வண்டி வாங்கப் போகிறோம் என்று ஒரு வார்த்தை வெளியே விட்டதுதான் வினை. சுருளிப்பட்டியில் பெண் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால்கூட நாலு பேர்தான் யோசனை சொல்வார்கள். வண்டி என்றால் ஊரே சொல்லும். முடி வெட்ட உட்கார்ந்தால் கத்தரிக்கோலைக் காதோரம் நிறுத்திவிட்டு, "என்னண்ணே, எந்த வண்டின்னு முடிவாச்சா?" என்பார் கடைக்காரர். பாதிக் கிராப்போடு எழுந்து ஓடவும் முடியாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பன்னீர் திராட்சைத் தோட்டம் ஓடைக்கு அந்தப் பக்கம். மதுரைக்குப் போகிற லாரி வந்து நிற்பது இந்தப் பக்கம், தார் ரோட்டில். பன்னீர் திராட்சையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது தலைதீபாவளிக்கு வந்த மருமகன் மாதிரி. கொஞ்சம் குலுக்கினாலும் கோபித்துக்கொண்டு காம்பை விட்டுவிடும். முந்தின வெட்டில் மாட்டு வண்டியில் ஏற்றினோம். ரோட்டில் பெட்டியைத் திறந்தால் மேலே வெறும் காம்பு, அடியில் உதிர்ந்த பழம். அதைப் பொறுக்கிக் கட்டுவதற்குள் லாரியும் கிளம்பிப் போய்விட்டது.

எங்கள் பழத்தை மதுரைக்கு அனுப்பும் கமிஷன் கடைக்காரர் சொல்லியனுப்பினார்: "இந்த வெட்டும் இப்படித்தான்னா எங்கிட்ட இருந்து காலிப் பெட்டி வராது. வேற கடை பாத்துக்கங்க." கம்பத்தில் வேறு கடைகள் இல்லாமல் இல்லை. எல்லாம் அவருடைய பங்காளிகள் கடை.

அதைக் கேட்டு என் மனைவி இரண்டு வேளை சாப்பிடவில்லை. தோட்டம் அவளுடையது என்றே சொல்லலாம். பந்தலுக்குக் கல் ஊன்றியதிலிருந்து, கவாத்து வெட்டி, மருந்தடித்து, குலைக்குக் குலை கண் வைத்து வளர்த்தவள் அவள். நான் ரேஷன் கார்டில் மட்டும் விவசாயி. இந்த வெட்டும் போனால் கொடியை வெட்டிவிட்டு மறுபடி சோளம் போட வேண்டியதுதான் என்று அவள், அடுத்தவர் வீட்டு இழவைச் சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். அதனால்தான் வண்டி.

உத்தமபாளையத்துத் தரகர் பாய் ஒருவர் எங்களுக்கு நெடுநாள் பழக்கம். என்னை மச்சான் என்பார், அவளைத் தங்கச்சி என்பார். அவர் கையில் இரண்டு பழைய வண்டிகள் இருந்தன. ஒன்று டீசல் பிக்கப். பின்னால் தொட்டி, முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். கொச்சியிலிருந்து குமுளி வழியாக மீன் ஏற்றி வந்த வண்டி. அது தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் தெருப் பூனைகள் எல்லாம் எழுந்து நின்றன. இன்னொன்று ராணுவத்தில் ஏலம் விட்ட பெரிய ஜீப். பச்சை நிறம், பின்னால் எதிரெதிராக நீள பெஞ்சு. ஒரு சின்னக் கம்பியைத் தட்டிவிட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்.

எனக்கு ஜீப் மேல் ஆசை வந்துவிட்டது. காரணம் கேட்டால் ஓடை மணல் என்பேன். உண்மையான காரணம் கம்பம் டீக்கடை. ஏலக்காய்த் தோட்டத்துக்காரர்கள் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வருவார்கள். வண்டி முழுக்கச் சேறு, தலையில் குரங்குக் குல்லா. இறங்கியதும், "மொதலாளிக்கு ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்று உள்ளேயிருந்து குரல் வரும். நான் போனால், "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வழிய மறிக்காதீக" என்று வரும். மலையில் எனக்கு ஒரு ஏலச்செடிகூடக் கிடையாது. ஆனால் ஜீப் இருந்தால் அது யாருக்குத் தெரியப் போகிறது? குல்லாவுக்குக்கூட நான் மனதுக்குள் நிறம் பார்த்து வைத்திருந்தேன்.

"ஜீப்பு எதுக்குங்க?" என்றாள், பிக்கப்பின் தொட்டி மேல் கண் வைத்திருந்த மனைவி.

"நாலு வீலும் இழுக்குமாம்."

"எங்க இழுக்கும்? டீக்கடைக்கா?"

பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்தினால் மனுஷனுக்கு ரகசியம் என்று ஒன்று மிஞ்சாது.

பாயைக் கேட்டு முடிவெடுக்கலாம் என்றால், அவர் யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவர் வண்டியைத்தான் புகழ்வார். என்னோடு நிற்கும்போது, "மச்சான், ஜீப்பு ஆம்பளை வண்டி. அந்த மீன் வண்டிய மனுசன் ஓட்டுவானா?" என்பார். அவள் காபி கொண்டு வந்தால், தம்ளரைக் கையில் வாங்குவதற்குள் மாறிவிடுவார். "ஜீப்பு பெட்ரோலக் குடிச்சே நம்மள மொட்டையடிச்சுரும் தங்கச்சி. டீசல் வண்டிதான் சம்சாரிக்குச் சரி." நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் அவருக்கு இருமல் வந்துவிடும்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் ஜீப் என்றார்கள். ஊரே நம் கட்சி என்று நான் பூரித்துப்போனேன். அதிலும் பெரியப்பா தினமும் வந்து சொல்லிவிட்டுப் போவார். என் அப்பாவுக்கு மூத்தவர். அவர் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. "ஏலே, ஜீப்புதான்டா கவுரவம். ஒரு நல்லது கெட்டதுக்கு வேணாமா?" என்றார். நல்லது கெட்டது என்று அவர் சொன்னது யாருடைய நல்லது, யாருடைய கெட்டது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கிற புத்தி இருந்தால் நான் ஏன் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்?

இழுத்து இழுத்து வெட்டு நாளும் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை தோன்றியது. வெட்டன்றைக்கு இரண்டு வண்டியையும் கொண்டுவரச் சொல்லி, பாதிச் சுமையை இதிலும் பாதியை அதிலும் ஏற்றிப் பார்த்துவிடலாம்.

"அன்னைக்கு ஆடி அமாவாசையில்ல?" என்றாள் அவள்.

"அதனாலதான் சொல்றேன். புது வண்டிய அமாவாசையில தொட்டா அமோகம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை அப்போது மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அமாவாசையன்று விடியும்போதே அவள் ஆட்களோடு தோட்டத்துக்குப் போய் வெட்டத் தொடங்கிவிட்டாள். பாய் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு நேரே அங்கே போய்விட்டார். ஜீப் டிரைவரிடம் மட்டும் வீட்டு வாசலுக்கு வரச் சொல்லியிருந்தேன். வாசலில் ஏறி, தெரு வழியாகத் தோட்டத்துக்குப் போனால்தானே நாலு பேர் பார்ப்பார்கள்? தலையைப் படிய வாரி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

ஜீப் நிரம்பியிருந்தது.

பெரியப்பா முன் சீட்டில். பின்னால் பெரியம்மா, சித்தப்பா, அத்தை, அத்தையின் சம்பந்தி, அந்தச் சம்பந்தியோடு வந்திருந்த யாரோ ஒருவர். மடியில் எள்ளும் அரிசியும் கட்டிய மூட்டைகள், மாற்றுத் துணி, பித்தளைச் செம்புகள்.

"பெரியப்பா, இது திராட்சைக்கு வந்த வண்டி" என்றேன்.

"தெரியும்டா. சுருளி அருவிக்குப் போயிட்டு அரை மணியில வந்துருவோம். உங்க தாத்தனுக்குத் தண்ணி விட வேணாமா?"

"லாரி போயிரும் பெரியப்பா. பஸ்சு விட்டிருக்கானே இன்னிக்கு?"

"வீட்டு வண்டி நிக்கிதுல்ல, பஸ்சுல தொங்கிக்கிட்டுப் போகச் சொல்றியா? உங்க பெரியம்மா முட்டிய நீதான் கொஞ்சம் பாரு."

பெரியம்மா உடனே முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கவே இல்ல பெரியப்பா. இன்னும் வீட்டு வண்டி ஆகல."

"ஆத்தா, கேட்டுக்கிட்டியா? தாத்தனுக்கு எள்ளுத்தண்ணி விட வண்டி கேட்டதுக்கு ரூல்சு பேசுறான்" என்றார் பெரியப்பா, அத்தையைத் திரும்பிப் பார்த்து. அத்தை முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தார்.

முன்னோருக்குத் தண்ணீர் விடப் போகிறவர்களை வண்டியை விட்டு இறக்கினான் என்ற பேர் வந்தால் எங்கள் பக்கம் அது மூன்று தலைமுறைக்கு அழியாது. இறக்க முடியவில்லை. கூடவே போய் விரட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று பின்படியில் தொற்றிக்கொண்டேன். என் ஜீப் ஆசையின் முதல் சவாரி படியில் தொங்கிக்கொண்டுதான் நடந்தது. முன்னால் போன ஒரு பஸ் நாங்கள் முந்திப் போக வழிவிட்டது. அதில் உட்கார இடம் இருந்தது.

சுருளியில் கூட்டம் என்றால் அன்றைக்குத்தான் கூட்டம். சாஸ்திரி ஒருவரைப் பிடிப்பதற்குள் பெரியப்பா இரண்டு பேரோடு சண்டை போட்டார். பிடித்த சாஸ்திரி முன்னோர் பேரைக் கேட்க, ஒரு பாட்டன் பேரில் பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தகராறு. நான் நடுவில் புகுந்து, "ரெண்டு பேரையும் சொல்லிருங்க சாமி, தாத்தா ஏத்துக்கிருவாரு" என்றேன். "வா, நீயும் உக்காரு" என்று என் சட்டையைக் கழற்றி உட்கார வைத்துவிட்டார்கள். ஈர எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு நான் தாத்தாவை நினைக்கவில்லை. லாரியை நினைத்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியோடு வந்தவர் அருவியில் குளிக்கப் போனவர் குளித்துக்கொண்டே இருந்தார். கூப்பிட்டால், "தண்ணி நல்லாருக்கு, நீங்களும் வாங்க" என்று கையசைத்தார்.

நாங்கள் திரும்பி ஓடைக்கரைக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. அங்கே கண்ட காட்சியில் ஜீப் டிரைவர் தானாகவே பிரேக் போட்டார்.

பிக்கப் ஓடை நடுவில் நின்றது. பின்சக்கரம் இரண்டும் மணலில் பாதி வரை. வண்டிக்கு முன்னால் ஒரு ஜோடி மாடு பூட்டியிருந்தது. முந்தின வெட்டில் எங்கள் பழத்தை உதிர்த்த அதே வண்டிக்காரரின் மாடுகள். அவர் கயிற்றைப் பிடித்து, "ஹை, ஹை" என்று அதட்டிக்கொண்டிருந்தார். பின்னால் பாய், கைலியை வரிந்து கட்டி, இடுப்பளவு நனைந்து தள்ளிக்கொண்டிருந்தார். தொட்டி நிறையப் பெட்டிகள். அடியில் அவள் ஒரு முழத்துக்கு வைக்கோல் பரப்பியிருந்தாள். ஒவ்வொரு பெட்டிக்கு நடுவிலும் வைக்கோல். மனைவி முன் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மாடு இழுக்கும்போது சக்கரம் கோணாமல் இருந்தால் போதும் என்று பாய் உட்கார வைத்திருக்கிறார்.

"ஏலே, என்னடா இது, மோட்டார் வண்டிக்கு மாடு!" என்று பெரியப்பா சிரித்தார். ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. சம்பந்தியோடு வந்தவர் ஈரத்துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "உங்க ஜீப்புல நாலு வீலுதான் மாமா இழுக்கும். இங்கன எட்டுக் காலு இழுக்குது."

ஜீப் டிரைவர் நல்ல மனுஷர். "கயித்தக் குடுங்கம்மா, நான் இழுத்து விட்டுர்றேன்" என்றார். பெரியப்பா உடனே, "மொதல்ல எங்கள வீட்டுல விட்டுருப்பா. விரதம், பச்சத்தண்ணி குடிக்கல" என்றார்.

அவ்வளவுதான். எனக்குள் குரங்குக் குல்லா போட்டு உட்கார்ந்திருந்த மொதலாளி இறங்கிப் போய்விட்டார். வெளுத்த சட்டையோடு நானும் ஓடையில் இறங்கி, பாய்க்குப் பக்கத்தில் தோள் கொடுத்தேன்.

"மச்சான்" என்றார் பாய் மூச்சு வாங்க, "ஜீப்பு எப்படிப் போச்சு?"

"பாய், பேசாமத் தள்ளுங்க."

மாடு ஒரு இழுப்பு இழுத்தது. வண்டி மணலை விட்டு எழுந்து, எங்கள் இருவரையும் தண்ணீரில் குப்புற விட்டுவிட்டுக் கரையேறியது. பாய் ஓடிப்போய் ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்ள, நான் பின்னால் பெட்டிகளுக்கு இடையில் ஏறிப் படுத்துக்கொண்டேன். குலுங்குகிற பெட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மூக்கை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு. கொச்சி மீன் வாடை அந்தத் தொட்டியை விட்டுக் கிளம்பியே இருக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் ஜீப்பில் வந்துகொண்டிருந்த அத்தை, "அய்ய, அமாவாசையும் அதுவுமா!" என்று சொல்வது என் காதில் விழுந்தது. சொந்தக்காரர் ஒருவர்கூட, எங்களை இதில் ஏற்றிக்கொள் என்று கேட்கவில்லை. அந்த வண்டியைப் பற்றி எனக்கு முதன்முதலாக ஒரு நல்ல அபிப்பிராயம் பிறந்தது அப்போதுதான்.

லாரியின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். கமிஷன் கடைக்காரர் என் கோலத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெட்டியை இறக்கித் திறந்தார். மனைவி பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் குலையின் காம்பைப் பிடித்துத் தூக்கினார். லேசாக ஆட்டினார். ஒரு பழம் உதிர்ந்தது. மற்றதெல்லாம் அப்படியே தொங்கியது. முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"வைக்கோல்ல ஏதோ வாடை."

"புது வைக்கோல்ணே" என்றாள் அவள், கண் சிமிட்டாமல்.

அவர் இன்னொரு தடவை முகர்ந்தார். பிறகு லாரிக்காரரைப் பார்த்து, "கதவத் திற, இதையும் ஏத்து" என்றார். எங்கள் பக்கம் திரும்பி, "மிச்சத்த எப்ப வெட்டுறீக? பெட்டி வேணும்னா இப்பவே எடுத்துட்டுப் போயிருங்க."

மனைவி அப்போதுதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாய் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்பதைப் பார்த்து இருமத் தொடங்கினார்.

"இருமாதீகண்ணே" என்றாள் அவள். "இத வச்சுக்கிறோம். தொட்டிய மட்டும் கழுவித் தாங்க. முன்னாடி சீட்டக் கழுவ வேணாம், அந்த வாடை அப்படியே இருக்கட்டும். அந்த மாட்டுக்காரண்ணன்கிட்டயும் வெட்டு முடியிற வரைக்கும் காலையில ஓடைக்கு வரச் சொல்லி வச்சிருக்கேன்."

நான் வாயைத் திறந்தேன். ஜீப்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லி வழியனுப்பலாம் என்று.

"என்ன நிக்கிறீக?" என்றாள். "காலிப் பெட்டிய ஏத்துங்க."